ஆசிரியர் கண்ட இடைவெளி

மேல்நிலை வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ கணிதம் பயிலப் புகும் மாணவன் முதன்முதலாக எதிர்ப்படும் புதுக்கலை, வகை நுண்கணிதம் என்பதாகும். அதுகாறும் அவன் கற்ற கணக்குகள் பெரும்பாலும் நிலைத்து நிற்கும் பொருள்களைப் பற்றியவை. வயலின் பரப்பு, தொட்டியின் கொள்ளளவு, முக்கோணத்தின் கோணங்கள் ஆகியவை நாம் அளந்து முடிக்கும் வரையில் மாறாமல் நிற்கும். நுண்கணிதமோ கணந்தோறும் மாறிக்கொண்டிருப்பதை அளக்க முற்படுகிறது.

உயரமான ஓரிடத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிடுவோம். கழிந்த நொடிகளின் எண்ணிக்கையை அவ்வெண்ணாலேயே பெருக்கி, வந்ததை 4.9 ஆற் பெருக்கினால், கல் விழுந்த தூரம் மீட்டர்க் கணக்கில் கிடைக்கும். சரியாக ஒரு நொடி முடியும் அக்கணத்தில் கல்லின் வேகம் யாது? தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் வரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு கணத்திற்குள் கல் கடந்த தூரமும் இல்லை. கழிந்த காலமும் இல்லை. சுழியைச் சுழியால் வகுப்பது எங்ஙனம்?

நேரே விடை காண இயலாதபோது சுற்றி வளைத்துத்தான் செல்லவேண்டும். முதல் நொடி முடிந்தபின் ஒரு நொடி நேரத்திற்குச் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் 14.7 வருகிறது. நேரத்தை நொடியிற் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 10.29, நூறில் ஒன்றாக்கினால் 9.849, ஆயிரத்தில் ஒன்றாக்கினால் 9.8049. இவ்வெண்கள் 9.8 என்னும் எண்ணை நெருங்கிக்கொண்டே செல்கின்றன. ஒருகாலும் அதனை எட்டுவதில்லை. ஆயினும் நாம் விரும்பும் அளவிற்கு அதனை அணுகுகின்றன. ஆதலின் 9.8 என்பதை இவற்றின் எல்லை என்கிறோம். அதுவே அக்கணத்து வேகம் என்று கொள்கிறோம். வகை நுண்கணிதம் முழுவதும் எல்லை என்னும் இவ்வொரு கருத்தின்மீதே நிற்கிறது.

மாணவர் பலர் இவ்விடத்தில் சிறிது மயங்கிப் பின்னர் விதிகளை மட்டும் மனத்திற் பதித்துக்கொண்டு அப்பாற் செல்வர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. இக்கலையைப் பதினேழாம் நூற்றாண்டில் தோற்றுவித்த நியூட்டனும் லைப்னிட்சுமே அடிப்படையைத் தெளிவாக நிறுவிய பிறகு மேலே சென்றவர்கள் அல்லர். விதிகள் பயன் தந்தன. கோள்களின் இயக்கம் விளங்கிற்று. அது போதும் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. 1734ஆம் ஆண்டில் பார்க்கிலி என்னும் சமய அறிஞர், சிறிதாகிச் சிறிதாகி மறையும் அவ்வளவுகள் உள்ளனவா, இல்லனவா என்று கேட்டு எள்ளி நகையாடினார். அதற்கு நேரிய விடை கூற ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1821ஆம் ஆண்டில் பாரிசு நகரப் பேராசிரியர் கோஷி, தம் மாணவர்க்கென எழுதிய பாடநூலில் எல்லைக் கருத்தை முதன்மையாக வைத்து இக்கலையை ஒழுங்குபடுத்தினார். அத்துடன் ஐயம் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர்.

தீரவில்லை என்பதைக் கண்டவர் ஓர் இளம் ஆசிரியர்.

ரிச்சர்டு டெடெகிண்டு 1831ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள பிரௌன்சுவைக் நகரில் பிறந்தவர். கணித மேதை கௌசிடம் பயின்று 1852இல் முனைவர் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற பின்னரும், தாம் கற்றது போதாதென உணர்ந்து, டிரிக்லே என்னும் பேராசிரியரின் வகுப்புகளில் மாணவர்களோடு மாணவராக அமர்ந்து கேட்டவர். 1858ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னரே தோன்றிய அக்கல்லூரியில் பொறியாளராக விரும்பியோர் பலர் பயின்றனர். அங்கே வகை நுண்கணிதத்தின் தொடக்கப் பாடங்களை நடத்தும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அதற்குமுன் அவர் அப்பாடத்தை நடத்தியதில்லை.

பாடத்தின் ஓரிடத்தில் அவர் பின்வரும் உண்மையை நிறுவ வேண்டியிருந்தது. ஓர் அளவு வளர்ந்துகொண்டே செல்கிறது. எனினும் ஒரு வரம்பை மட்டும் அது தாண்டுவதில்லை. அங்ஙனமாயின் அது ஏதேனும் ஓர் எல்லையை நெருங்கியே தீரும். இதனை விளக்குவது எளிது. கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளி வலப்புறம் நகர்வதாகவும் வழியில் ஒரு சுவர் மறிப்பதாகவும் காட்டினால் மாணவர் தலையசைப்பர். படம் கற்பித்தற்கு மிகவும் துணை செய்யும் என்பதை டெடெகிண்டு மறுத்தாரல்லர். ஆயின் படம் வேறு, நிறுவல் வேறு. கோட்டைப் பார்த்து எண்களைப் பற்றி முடிவு கூறுகிறோமே, கோட்டில் இடைவெளி இல்லாதது போலவே எண்களிடையேயும் இடைவெளி இல்லை என்பதற்குச் சான்று யாது? இவ்வினாவிற்குத் தம்மிடம் விடையில்லை என்பதை அவர் கண்டார். மாணவர் எவரும் இதனைக் கேட்டிருக்கமாட்டார். அவர் மனம் மட்டும் அமைதி கொள்ளவில்லை.

அவர் அச்சம் வீண் அச்சமன்று. 1.4, 1.41, 1.414, 1.4142 என வளர்ந்து செல்லும் எண்களை நோக்குங்கள். அவற்றைத் தம்மாலேயே பெருக்கினால் முறையே 1.96, 1.9881, 1.999396, 1.99996164 வருகின்றன. இவை 2 என்னும் எண்ணை நெருங்குகின்றன. ஆனால் தன்னாலேயே பெருக்கும்போது சரியாக 2 ஆகும் பின்னம் ஒன்றும் இல்லை. இதனைப் பண்டைக் கிரேக்கரே அறிந்திருந்தனர். ஆகவே முழு எண்களையும் பின்னங்களையும் மட்டுமே எண்கள் எனக் கொண்டால், மேற்கூறிய வரிசை வளர்கிறது, 1.5ஐத் தாண்டவுமில்லை, எனினும் சென்று சேர அதற்கு ஓரிடம் இல்லை. நெருக்கமாக நெய்த துணிபோல் தோன்றும் எண்களிடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன! அத்துளைகளை அடைக்காத வரையில், எல்லை உண்டு என்று ஆசிரியர் கூறுவது வெறும் நம்பிக்கையே ஆகும்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் அவருக்கு வழி புலப்பட்டது. எல்லாப் பின்னங்களையும் ஒரு கோட்டில் நிறுத்தி, ஏதேனும் ஓரிடத்தில் கத்தியால் வெட்டுவதாகக் கருதுக. இடப்பக்கத்து எண்கள் யாவும் வலப்பக்கத்து எண்களினும் சிறியன. வெட்டு ஒரு பின்னத்தின்மேல் விழுந்தால், அப்பின்னம் இடப்பக்கத்தில் மிகப் பெரியதாகவோ வலப்பக்கத்தில் மிகச் சிறியதாகவோ நிற்கும். வெட்டு துளையில் விழுந்தால் இடப்பக்கத்தில் மிகப் பெரியதும் இராது. வலப்பக்கத்தில் மிகச் சிறியதும் இராது. அங்ஙனம் நேரும் ஒவ்வோரிடத்திலும் அவ்வெட்டிற்கு ஒரு புதிய எண்ணைப் படைத்துக்கொள்வோம் என்றார் டெடெகிண்டு. துளையைக் கண்டு அஞ்சாமல் துளையையே எண்ணாக்கிய இத்துணிவு வியத்தற்குரியது. பின்னங்களும் இப்புதிய எண்களும் சேர்ந்த தொகுதியை மெய்யெண்கள் என்கிறோம். அத்தொகுதியில் எங்கு வெட்டினாலும் கத்தி ஓர் எண்ணின்மேலேயே விழும்.

இனி வகுப்பறையில் நின்றுபோன பாடத்திற்கு வருவோம். வளரும் அளவு என்றேனும் தாண்டிவிடும் எண்களை இடப்பக்கமும், என்றும் தாண்டாத எண்களை வலப்பக்கமும் வைக்க. இது ஒரு வெட்டு. வெட்டு இருப்பின் அங்கே ஓர் எண் உண்டு. அந்த எண்ணே தேடிய எல்லை. படம் வேண்டியதில்லை, நிறுவல் முடிந்தது.

சில நாள் கழித்து அவர் இதனைத் தம் நண்பர் டுரேகேயிடம் கூறினார். இருவரும் நெடுநேரம் உரையாடினர். பின்னர்ச் சில மாணவர்க்கும் விளக்கினார். ஆனால் அச்சிடவில்லை. இதனை எழுதி விளக்குவது எளிதன்று என்றும், இதனால் விளையும் பயன் பெரிதன்று என்றும் அவர் கருதினார். 1862இல் பிறந்த ஊருக்கே திரும்பி, ஆரவாரமின்றி ஆசிரியப் பணி புரிந்துவந்தார். கண்டுபிடிப்புகளை முந்திக்கொண்டு வெளியிடுவதில் கணித அறிஞரும் போட்டியிட்ட காலம் அது. அவரோ பதினான்கு ஆண்டுகள் வாளாவிருந்தார். 1872இல் ஹைனே, கான்டர் என்னும் அறிஞர் இருவரும் இதே சிக்கலை வேறு வழிகளில் ஆராய்ந்து எழுதியவை வெளிவந்தன. அவ்வாண்டில்தான் டெடெகிண்டு தம் கருத்தைச் சிறு நூலாக்கினார். தொடர்ச்சியைப் பற்றியும் விகிதமுறா எண்களைப் பற்றியும் கூறும் அந்நூலின் முன்னுரையில், இவ்வாராய்ச்சி தமக்கு ஒரு தொடக்க வகுப்பிற் பாடம் நடத்தும்போது தோன்றியது என்பதை நாளும் திங்களும் குறித்து அவரே எழுதியுள்ளார்.

இன்று நுண்கணித நூல் பலவற்றில் இப்பண்பு முழுமைப் பண்பு என்னும் பெயரால் தொடக்கத்திலேயே சில வரிகளில் கூறப்பட்டுவிடும். ஆசிரியர் அதனைப் படித்துக் காட்டிப் பக்கத்தைத் திருப்புவார். அடுத்த பக்கத்தில் கல் விழத் தொடங்கும்.