ஒலுவிலில் இருந்து விண்மீன் கொத்துகளைப் படம்பிடிக்க

நட்சத்திரப் படம் எடுக்கச் சொல்லித்தரும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவருக்காக எழுதப்பட்டவை. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள ஒலுவிலோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. அந்தப் புத்தகங்கள் சொல்வதில் பாதி இங்கே பலிக்காது. ஆனால் அங்கே இருப்பவர் கண்ணில் படாத தென்வானம் நமக்குக் கிடைக்கிறது. 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும் பழைய டி.எஸ்.எல்.ஆர். கெமராவும் வைத்திருப்பவருக்கான குறிப்புகள் இவை.

1. ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கினால் பெப்ரவரி வரை பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நம் பக்கத்துக் காலம் மார்ச் முதல் செப்டெம்பர் வரை. தென்வானத்தின் நல்ல கொத்துகள் மேலே வருவதும் அந்த மாதங்களில்தான்.

2. நாட்காட்டியில் பிறையைப் பாருங்கள். பிறை 26 முதல் அடுத்த மாதம் பிறை 4 வரை நமக்கு உகந்த இரவுகள். பிறை 4 என்றால் இஷாவுக்குப் பிறகு கொஞ்சம் காத்திருந்தால் போதும், நிலா இறங்கிவிடும்.

3. கடற்கரை வேண்டாம் என்பதே என் கருத்து. கிழக்கே கடல் இருட்டாக இருப்பது உண்மைதான். ஆனால் உப்புக் காற்று கண்ணாடியையும் திருகாணியையும் தின்றுவிடும், மணலில் முக்காலி மெல்ல மெல்ல அமிழும், மீன்பிடிப் படகுகளின் விளக்கு வேறு. ஊருக்கு மேற்கே, வெள்ளாமை வெட்டி முடிந்த வட்டையில் உறுதியான வரம்போ மேட்டுநிலமோ பாருங்கள். வைக்கோல் எரிக்கும் நாட்களைத் தவிருங்கள். கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள் முக்காலியின் மூன்று கால்களுக்கும் கீழே தட்டையான சீமெந்துக் கல் வையுங்கள்.

4. காசு சேர்ந்தால் பெரிய குழாய் வாங்காதீர்கள். வானத்தோடு சேர்ந்து திரும்பும் நல்ல மவுண்ட் வாங்குங்கள். 400 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில், மவுண்ட் திரும்பாவிட்டால் ஒரு நொடியிலேயே புள்ளி கோடாகிவிடும். கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 1996இல் ஜப்பான் கொடுத்த 45 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் தலைக்கு மேல் கொழும்புப் பக்கத்து வெளிச்சமும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது இருட்டு.

5. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்னைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அதைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள். மவுண்டின் அகலாங்கு அளவை 7க்குச் சற்று மேலே வைத்து, காந்த ஊசியால் வடக்கைப் பிடியுங்கள். கிப்லா பார்க்கும் போன் செயலியிலேயே வடக்கும் இருக்கும். அகலாங்கு இவ்வளவு குறைவாக இருக்கையில் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். கம்பி இரண்டு கால்களுக்கு நடுவே இறங்கும்படி முக்காலியைத் திருப்பி வையுங்கள்.

6. முதல் படத்துக்கு ஒமேகா செண்டோரியை எடுங்கள். மே கடைசியில் இரவு 9 மணியளவில் சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு அருகே வரும். அங்கிருந்து நேரே தெற்கே இறங்குங்கள். நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. மூன்றரை முஷ்டி இறங்கியதும், அடிவானத்துக்கு மேலே 35 பாகையில் மங்கலான பஞ்சுப் புள்ளி ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். தொலெமி அதை ஒற்றை நட்சத்திரமாகவே பட்டியலிட்டார். அது வெறும் நட்சத்திரம் அல்ல என்பதை ஹாலி 1677இல் செயின்ட் ஹெலீனா தீவிலிருந்து பதிவுசெய்தார். ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி அளவிலான நட்சத்திரங்கள் அதில் இருக்கின்றன. இலண்டனில் இருப்பவர் வீட்டு முற்றத்திலிருந்து இதை ஒருநாளும் பார்க்க முடியாது.

அதற்கு நாலரை பாகை மேலே செண்டாரஸ் ஏ, குறுக்கே கரும்பட்டை ஓடும் விண்மீன் மண்டலம். இன்னும் 13 பாகை ஏறினால் எம்83. சித்திரைக்கு மேற்கே ஒரு முஷ்டித் தூரத்தில் தொப்பி போன்ற எம்104. குழாயை அதிகம் அலைக்கழிக்காமல் ஒரே இரவில் நான்கையும் முடிக்கலாம். ஜூன், ஜூலையில் தேள் மண்டலத்தின் வாலருகே எம்6, எம்7 கொத்துகள். புதிதாகத் தொடங்குபவருக்கு இவை மிக எளிது.

7. குவியத்தை சுவாதி போன்ற பிரகாசமான நட்சத்திரத்தில் சரிசெய்யுங்கள். கெமரா திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துங்கள். மணிக்கொரு தடவை மறுபடி பாருங்கள்.

8. ஐ.எஸ்.ஓ. 1600, ஒரு படத்துக்கு 20 முதல் 30 நொடி. ஒரே நீண்ட படம் எடுப்பதைவிட நூறு குறுகிய நேரப் படங்களை அடுக்குவதே நல்லது: நூறை அடுக்கினால் படத்தின் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். அடுக்கும் மென்பொருள்களான சிரில், டீப் ஸ்கை ஸ்டேக்கர் இரண்டுமே இலவசம். நம் இரவுகளின் புழுக்கத்தில் கெமராவின் இரைச்சல் அதிகம். ஆகவே கடைசியில், அதே இடத்தில், அதே நொடியளவில், மூடியைப் போட்டு இருபது இருட்டுப் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே எடுத்தால் சூடு மாறிவிடும்.

9. ஆண்ட்ரோமெடாவும் கார்த்திகைக் கொத்தும் முன்னிரவில் வருவது மாரியில்தான். எனவே ஓகஸ்ட் பிற்பகுதியில் இரவு 2 மணிக்கு எழும்பி ஆண்ட்ரோமெடாவைப் பிடியுங்கள். கி.பி. 964 அளவில் அல்-சூஃபி தன் நட்சத்திர நூலில் சிறு மேகம் என்று குறித்துவைத்த அதுவேதான் இது. கார்த்திகை சுபஹுக்கு முன்னர் நன்றாக உயர்ந்துவிடும்.

10. நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கும். கறுப்பு ஸ்பொஞ்ச் ஷீட்டைச் சுருட்டிக் குழாயின் வாயில் மாட்டுங்கள். கண்ணாடி நனைந்தால் சாரனால் துடைக்காதீர்கள், தானாகக் காயவிடுங்கள். முக்காலியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, திருகாணிகளுக்கு ஒரு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். பூஞ்சணம் வராமலிருக்க, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். அரிசி வேண்டாம், தூசி படியும்.

11. டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். வெள்ளை வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி பிடிக்கும்.

12. வட்டைக்குத் தனியாகப் போகாதீர்கள். வாடிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், காலில் பூட்ஸ் போடுங்கள். யானை வெடிச் சத்தம் கேட்டால் பாதியில் நிற்கும் படத்தைப் பற்றி யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். அதே நட்சத்திரங்கள் நாளைக்கு நான்கு நிமிடம் முந்தியே அதே இடத்துக்கு வந்துவிடும்.