சரக்கை வெளியிடத்தில் வைக்கும் முன்

கடையை இடித்துக் கட்டும்போதும், வீடு மாறும்போதும், தீபாவளிச் சரக்கு முன்கூட்டியே வந்து இறங்கும்போதும் நம் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: எங்கே வைப்பது? முன்பெல்லாம் பக்கத்துக் கடைக்காரரின் மாடியோ, மாமனார் வீட்டுத் திண்ணையோ கைகொடுத்தது. இப்போது சென்னை போன்ற பெருநகரங்களில், சாமான் வைக்க மாத வாடகைக்குத் தனியறை தரும் நிறுவனங்கள் வந்துள்ளன. அறையின் அளவுக்கேற்ப வாடகை; பூட்டும் சாவியும் நம் கையில்.

வசதிதான். ஆனால் அறையை வாடகைக்கு எடுப்பது வேறு, சரக்கைக் கிடங்கில் ஒப்படைப்பது வேறு. மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகம் போன்ற இடத்தில் 50 மூட்டை துவரம்பருப்பை ஒப்படைத்தால் ரசீது தருவார்கள். பிறர் பொருளைத் தம் பொறுப்பில் வாங்கியவர், சாதாரண அறிவுள்ள மனிதர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். 2007ஆம் ஆண்டு கிடங்குச் சட்டப்படி பதிவு பெற்ற கிடங்கு தரும் மாற்றத்தக்க ரசீதை அடகு வைத்து வங்கியில் கடனும் கேட்கலாம்.

வாடகை அறையில் இந்தப் பேச்சே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எனவே குறைந்தால் பொறுப்பும் ஏற்பதில்லை. ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். உணவுப் பொருளையும், எரியக்கூடியவற்றையும் பெரும்பாலும் அனுமதிக்கமாட்டார்கள். ஆகவே அலமாரி, கண்ணாடிப் பெட்டி, பெயர்ப் பலகை, வீட்டுச் சாமான் இவற்றுக்குத்தான் அது பொருத்தம். அரிசி, பருப்புக்கு நாம் தேட வேண்டியது பழையபடி குடோன்தான்.

குடோன் கிடைத்ததும் பலர் முதலில் லாரியைக் கூப்பிடுகிறார்கள். காகித வேலையல்லவா முதலில் முடிய வேண்டும்! ஜி.எஸ்.டி. சட்டத்தில் குடோனும் வியாபார இடமே. அதைக் கூடுதல் இடமாகச் சேர்க்க 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடையிலிருந்து சரக்கு போகும்போது, விற்பனை இல்லாவிட்டாலும் டெலிவரி சலான் கூடப் போக வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் அந்த இடத்துக்கும் இருக்க வேண்டும். சரக்கின் பேரில் வங்கிக் கடன் இருந்தால் மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட இன்சூரன்ஸ். இதில் நாங்களே அடிபட்டவர்கள். கடையில் வேலை நடந்த மூன்று மாதம், இரண்டு தெரு தள்ளி ஒரு குடோனில் சரக்கை இறக்கினோம். ஐப்பசி மழையில் தெரு வெள்ளம் உள்ளே புகுந்து, கீழ் வரிசைச் சர்க்கரை மூட்டைகள் அத்தனையும் கரைந்தன. பாலிசியை எடுத்துக்கொண்டு ஓடினோம். வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டியிருந்தோம். ஆனால் அதில் இருந்தது கடையின் முகவரி! சரக்கு நின்ற இடம் அதில் இல்லை. ஒரு கடிதம் கொடுத்துப் புது முகவரியைச் சேர்த்திருக்கலாம். மறந்தது எங்கள் தவறு, யாரையும் குறை சொல்ல வழியில்லை. திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இடம் பார்க்கும்போது சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அது பொய் சொல்லாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் தரைமட்டத்துக் குடோனை இனி இளக்காரமாக நினைக்கமாட்டார்கள். மூட்டைகளை மரக்கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். தேயிலைக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி வேண்டாம், வாசனை ஏறிவிடும்.

வண்டு வந்துவிட்டால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நாமே வாங்கிப் போடுவது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து உயிரைக் கொல்லும் பாஸ்பீன் வாயு வெளிவரும்; கதவு இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். குடோனின் மாடியிலோ ஒட்டியோ குடும்பங்கள் இருந்தால் அங்கே அந்த மருந்தே கூடாது. தனிக் குடோனானாலும் உரிமம் பெற்றவர்களைக் கொண்டே செய்யச் சொல்லுங்கள். அவர்கள் சோதித்துச் சொல்லும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.