பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இ.எஃப்.ஐ: இது முதலீடா, ஆசையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சொந்த ஊரா இருந்து, வெளியூர்ல சம்பளத்துக்கு வேலை பாக்குற பல பேர்கிட்ட இந்த ஆசை இருக்கு. "தாத்தாவோட ஹெரால்ட் ஷெட்டில் நிக்குது. கார்புரேட்டரைக் கழட்டிட்டு இ.எஃப்.ஐ போடலாமா? பர்சனல் லோன் ரெடியா இருக்கு."

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ஆசைக்காகப் பண்ணலாம். மைலேஜ் மிச்சம்னு கணக்குச் சொல்லிப் பண்ணாதீங்க. கடன் வாங்கிப் பண்ணவே பண்ணாதீங்க. ஏன்னு பாக்கலாம்.

இது எந்தக் கார்?

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நம்ம சென்னைக் கார். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் சென்னையில் தயாரிச்சது. இதே ஹெரால்டின் சேஸியைச் சுருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ரெண்டையும் வடிவமைச்சவர் ஒருத்தரே, இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. அதனால ஸ்பிட்ஃபயருக்கு வெளிநாட்டில் கிடைக்கிற பல பாகங்கள் இதுக்கும் ஒத்துவரும்.

இன்ஜெக்‌ஷனும் இந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்ல. 1967-ல் ட்ரையம்ப் டி.ஆர்.5-ல் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஆனா அமெரிக்காவுக்கு அதே கார் டி.ஆர்.250 என்ற பேரில் கார்புரேட்டரோடதான் போச்சு. விலையும் புகை விதிகளும்தான் காரணம். தயாரிச்ச கம்பெனியே செலவுக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கு. நாமளும் போடலாமே!

என்னென்ன மாத்தணும்?

கார்புரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் வரும். சென்சார்கள் காத்தோட அழுத்தம், இன்ஜின் சூடு, புகையில் மிஞ்சுற ஆக்சிஜன் எல்லாத்தையும் அளக்கும். இ.சி.யு அதைப் படிச்சு எவ்வளவு பெட்ரோல் விடணும்னு முடிவு பண்ணும்.

கிட் விலையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. மறைஞ்சிருக்கிற செலவுகள் இவை:

1. பழைய மெக்கானிக்கல் பம்ப் போதாது. ஏறக்குறைய 3 பார் அழுத்தம் தர்ற எலெக்ட்ரிக் பம்ப், அதைத் தாங்குற ஹோஸ், டேங்குக்குத் திரும்பும் லைன் வேணும்.
2. ஆரம்பகால ஹெரால்டில் இருந்தது டைனமோ, பாசிட்டிவ் எர்த். இ.சி.யு-வுக்கு நெகட்டிவ் எர்த் வேணும். ஆல்டர்னேட்டரும் போட வேண்டி வரும்.
3. டியூனிங். இதுக்கு லேப்டாப்போட உக்கார்ற ஆள் வேணும். நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் காதால கேட்டே சரி பண்ணிடுவார். இ.சி.யு கோளாறுன்னா மதுரைக்கோ சென்னைக்கோ வண்டியை ஏத்தணும். அந்த டோயிங் செலவும் கணக்கில் சேரும்.

நம்ம ஊர் வெயிலுக்குப் பலன் உண்டா?

உண்டு. சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்னா, பம்புலயும் லைன்லயும் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்னுடும். இதுதான் வேப்பர் லாக். பம்ப் மேல ஈரத்துணி சுத்துற வைத்தியம் பெரியவங்களுக்குத் தெரியும். அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும், அதனால இ.எஃப்.ஐ-யில் இந்தத் தொல்லை ரொம்பக் குறையும்.

ரெண்டாவது, இப்போ பங்கில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை மெலிஞ்சுடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இ.எஃப்.ஐ அதைத் தானே சரி பண்ணிக்கும். ஆனா பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற வகைக்கு மாத்துறது ரெண்டு வழிக்கும் பொது.

இப்போ கணக்கு

புரியறதுக்காக ஒரு உதாரணம். மொத்தச் செலவு 2 லட்சம் ரூபாய். மைலேஜ் லிட்டருக்கு 12-லிருந்து 14 கி.மீ ஆகுதுன்னு வைப்போம். பெட்ரோல் 100 ரூபாய்.

வருஷம் 2,000 கி.மீ ஓட்டினா: 167 லிட்டர் 143 ஆகும். மிச்சம் 24 லிட்டர், அதாவது 2,400 ரூபாய். போட்ட பணம் திரும்ப 83 வருஷம்!

வருஷம் 10,000 கி.மீ ஓட்டினா: மிச்சம் சுமார் 11,900 ரூபாய். அதே 2 லட்சம் 7 சதவீத எஃப்.டி-யில் இருந்தா வட்டி 14,000. அசலை விடுங்க, வட்டிக்கே கட்டாது.

கடன் வாங்கினா? 14 சதவீதம், 36 மாசம்: இ.எம்.ஐ சுமார் 6,836 ரூபாய். மொத்தம் 2.46 லட்சம். ஆசைக்கு மேல 46,000 ரூபாய் அபராதம் மாதிரி.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதுக்கு மாறாகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணியிருக்கு. மீறினா பிரிவு 182ஏ-படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். இ.எஃப்.ஐ போட்டாலும் எரிபொருள், சி.சி, இன்ஜின் நம்பர் மாறாதுதான். இருந்தாலும் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஆர்.டி.ஓ ஆபீஸில் எழுத்து மூலமா கேட்டு வாங்குங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் வாகனமா பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. ஆனா சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, ஒரிஜினலா இருக்கணும். அறுபதுகளின் ஹெரால்ட் இதுக்குத் தகுதியானது. மேனிஃபோல்டில் ஓட்டை போட்டா இந்தக் கதவு மூடிக்கலாம். வாங்க வர்றவங்களும் ஒரிஜினலுக்குத்தான் விலை தருவாங்க.

வரி, இன்சூரன்ஸ்

சொந்த உபயோகக் கார் வருமான வரியில் தனிப்பட்ட பொருள், மூலதனச் சொத்து இல்ல. லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம்னா அதைக் கழிக்கவும் முடியாது. சம்பளக்காரருக்கு இந்த 2 லட்சத்தில் ஒரு ரூபாய் கூட வரிச்சலுகை இல்ல.

இன்சூரன்ஸில் 5 வருஷம் தாண்டிய வண்டியின் ஐ.டி.வி, நீங்களும் கம்பெனியும் பேசி வைக்கிற தொகை. மாற்றத்தை எழுதிக் கொடுத்து, ஜி.எஸ்.டி பில்லையும் பத்திரமா வைங்க. மறைச்சா க்ளெய்ம் நேரத்தில் மாட்டுவீங்க.

அப்போ எப்படிப் பண்ணலாம்?

1. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ். இந்த மூணும் இல்லாம ஷெட் கதவைத் திறக்காதீங்க.
2. முதல்ல பிரேக், டயர், ஹோஸ், கார்புரேட்டர் ஓவர்ஹால், எலெக்ட்ரானிக் இக்னிஷன். ஒரு கோடைக்காலம் ஓட்டிப் பாருங்க. இதுலயே மனசு நிறைஞ்சாலும் நிறைஞ்சுடும்.
3. அப்பவும் ஆசை இருந்தா, மாசம் 8,000 ரூபாய் ஆர்.டி. 24 மாசத்தில் 6.5 சதவீத வட்டியோட சுமார் 2.05 லட்சம்.
4. திரும்ப மாத்திக்கிற மாதிரி போல்ட் பண்ற கிட் மட்டும். கழட்டின கார்புரேட்டர், மேனிஃபோல்ட், டைனமோ எல்லாத்தையும் எண்ணெய் தடவி, பேர் எழுதி, பெட்டியில் வைங்க. இரும்புக் கடைக்குப் போட்டுடாதீங்க. நாளைக்கு அந்தப் பெட்டிதான் காரோட மதிப்பைக் காப்பாத்தும்.

தாத்தா காரை ஓட்டுற சந்தோஷத்துக்கு எக்செல்லில் காலம் கிடையாது. அது ஒரு செலவு, நல்ல செலவு. முதலீடுன்னு பேர் வைக்காம, சேர்த்த காசில் பண்ணுங்க.