பூஜ்யம் வரிசை மாறியது: எங்கே தேடுவது?

ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றின் எடைச்சீட்டு மென்பொருளை நான் பராமரிக்கிறேன். லோரி பாரத்தோடு ஒருமுறை எடை போடும். குலையை இறக்கிவிட்டு மறுமுறை. முன்பு இரண்டு எடையும் விலையும் டேட்டாபேஸில் ஒரே வரிசையில் இருந்தன. இடையில் கிள்ளான் ஆபீசில் ஒருவர் அதே சீட்டைத் திறந்து டன் விலையை 780 ரிங்கிட்டிலிருந்து 795 ஆக்குவார். அடுத்து எடைக் கிராணி 'சேவ்' தட்டினால் என்டிட்டி ஃபிரேம்வர்க் கோர் (இஎஃப்) மறுத்துவிடும்: ஒரு வரிசை மாற வேண்டும், மாறியது பூஜ்யம்.

பிழைச்செய்தி சொல்வது அவ்வளவுதான். வேறொருவர் முந்திக்கொண்டார் என்பது நம் ஊகம். ஆகவே ரீட்ரை லூப் எழுதும் முன் ஓடிய அப்டேட் கட்டளையை லாக்கிலிருந்து எடுத்து, அதன் 'வேர்' (WHERE) பகுதியைப் படியுங்கள்.

ஐடி மட்டும் இருந்தால், பெரும்பாலும் அந்த வரிசையே டேபிளில் இல்லை என்று பொருள். யாராவது அழித்திருக்கலாம். அல்லது புதிய சீட்டுக்கு நாமே ஜியுஐடி கொடுத்து 'அப்டேட்' மெத்தடுக்கு அனுப்பியிருப்போம். ஐடி இருப்பதைக் கண்டு இஎஃப் அதைப் பழைய பதிவாக எடுத்துக்கொள்ளும். 'ஆட்' போட்டால் தீர்ந்தது.

வரிசை மாறும்போதெல்லாம் மாறும் ரோவெர்ஷனும் இருந்தால், அதன் மதிப்பைப் பாருங்கள். காலியாக இருந்தால் ஃபார்மில் அதைச் சுமக்கும் ஹிடன் ஃபீல்டு விடுபட்டிருக்கும். மதிப்பு இருந்தும் பொருந்தாவிட்டால்தான் நிஜமான மோதல்.

பிழையே வராவிட்டால் இன்னும் உஷார். சேவ் செய்யும்போது பதிவை மறுபடி படித்து, ஃபார்மில் வந்த ரோவெர்ஷனைப் புராப்பர்ட்டியில் வைத்தால் பயனில்லை. இஎஃப் ஒப்பிடுவது 'ஒரிஜினல்வேல்யூ'வை. அது இப்போதுதான் படித்தது, கிட்டத்தட்ட எப்போதும் பொருந்தும். ஃபார்மின் பழைய 780 சத்தமில்லாமல் 795-ஐ அழித்துவிடும். ரோவெர்ஷனை ஒரிஜினல்வேல்யூவிலேயே வையுங்கள்.

நிஜ மோதலில், 'கெட்டேட்டாபேஸ்வேல்யூஸ்' மூலம் இப்போதுள்ள மதிப்புகளை எடுங்கள். 'நல்' (null) வந்தால் வரிசை அழிக்கப்பட்டுவிட்டது. மதிப்பு வந்தால் அதை ஒரிஜினலாக வைத்து மறுபடி சேவ் செய்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் நம் கையிலுள்ள பழைய விலையும் மாற்றமாகக் கருதப்பட்டு ஏறிவிடும். எங்கள் விதி ஃபீல்டு வாரியானது: எடை நிறுவைக் கூடத்தின் சொல், விலை ஆபீசின் சொல். கிராணியின் சேவில் விலையை டேட்டாபேஸிலிருந்து எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுமுயற்சி.

இருப்பைக் கூட்டுவது, கழிப்பது மட்டும் என்றால் படித்து, கணக்கிட்டு, எழுதும் சுற்றே வேண்டாம். இஎஃப் கோர் 7-இல் வந்த 'எக்ஸிக்யூட்அப்டேட்' டேட்டாபேஸிலேயே கழித்துவிடும். அது ரோவெர்ஷனைத் தானாகச் சோதிக்காது. 'இருப்பு போதுமா' என்ற நிபந்தனையை நாமே சேர்க்க வேண்டும்.

பதிவைப் பூட்டி வைக்காமல், சேவ் செய்யும்போது மட்டும் மோதலைச் சோதிக்கும் இந்த முறையைக் கணினி ஆய்வாளர்கள் குங், ராபின்சன் இருவரும் 1981-இல் கட்டுரையாக எழுதியபோது, மோதல் அரிது என்பதே அடிப்படை. லாக்கில் தினமும் மோதல் தெரிந்தால் ரீட்ரை எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், டேபிளைப் பாருங்கள். நாங்கள் எடையையும் விலையையும் தனித்தனி டேபிளாகப் பிரித்தோம். இப்போது மிஞ்சுவது இருவர் ஒரே விலையைத் திருத்தும் மோதல் மட்டுமே. அங்கே இரண்டு தொகையையும் திரையில் காட்டி, மேனேஜரையே தேர்ந்தெடுக்க விடுகிறோம்.