ஒன்று போனால் ஒன்று

கணிப்பொறியில் நம் உழைப்பெல்லாம் உறைவது வட்டிலே. அதுவோ என்றேனும் ஒருநாள் கெட்டே தீரும். ஆகவேதான், ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் உடனுக்குடன் எழுதிவைக்கும் 'கண்ணாடி' முறை எழுந்தது. இத்தகைய வட்டு அணிகளுக்கு 'ரெய்ட்' எனப் பெயரிட்டு 1988இல் கட்டுரை வெளியிட்டவர்கள், பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். லினக்சில் இதற்குத் தனி அட்டை வேண்டுவதில்லை, மென்பொருளே செய்துவிடும்.

பொங்கலுக்கு ஊர் செல்ல மறுநாள் ரயில். அன்று மாலை எங்கள் ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் 'எம்டிஸ்டாட்' என்னும் கோப்பைத் திறந்தேன். வட்டுகள் இரண்டும் நலமாயின் 'யு' என்னும் ஆங்கில எழுத்து இருமுறை தெரியும். அன்றோ ஒரு 'யு'வும் ஓர் அடிக்கோடுமே தெரிந்தன. என் ஈராண்டு அளவீடுகள் ஒற்றை வட்டை நம்பி நின்றன!

பதற்றத்தில் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். இரு வட்டுகளும் ஒரே உருவம், ஒரே நிறம்! நல்லதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தால், மிஞ்சுவது கெட்ட வட்டும் வெறும் வட்டுமே. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

முதலில் செய்யவேண்டியது, 'ஸ்மார்ட்சிடிஎல்' கொண்டு வட்டின் வரிசை எண்ணை அறிவது. கெட்ட வட்டு விடை தராவிடில், நல்லதன் எண்ணைக் குறித்துக்கொள்க. அவ்வெண் இல்லாததே கெட்டது. பின்னர் 'எம்டிஏடிஎம்' கருவியால் அதைக் கெட்டதெனக் குறித்து அணியிலிருந்து விலக்கி, மின்சாரத்தை நிறுத்தி, எண்ணைச் சரிபார்த்துக் கழற்றுக. புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாய் இருத்தலாகாது. பகுப்பு அட்டவணையை நல்லதிலிருந்து புதியதற்குப் படியெடுக்கவேண்டும். திசை மாறினால் தீங்கு. அதன்பின் அணியில் சேர்த்தால் படியெடுப்புத் தானே தொடங்கும். வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் நடந்தால், 1 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் ஆகும். அதுவரை நமக்குக் காப்பு இல்லை. கணிப்பொறி இவ்வட்டுகளிலிருந்தே எழுவதாயின், புதியதிலும் 'கிரப்' என்னும் தொடக்க நிரலை நிறுவ மறவற்க.

இரவு பத்து மணிக்கு மீண்டும் இரண்டு 'யு' தெரிந்தன. ஆயினும் அளவீடுகளை வேறொரு வட்டிலும் எழுதி, அதை அலமாரியில் பூட்டிவைத்த பிறகே ஊருக்குப் புறப்பட்டேன். ஏனெனில், கண்ணாடி நாம் செய்வதையே செய்யும். தவறி ஒரு கோப்பை அழித்தால், அதுவும் அக்கணமே அழித்துவிடும். வட்டின் சாவிலிருந்து கண்ணாடி காக்கும். நம் கைத்தவறிலிருந்து காப்பது தனிப்படி ஒன்றே.