வானம் பார்த்த தேர்வு

கேள்வி: ஃப்ளோரிடாவில் பைலட் பயிற்சி பெறுகிறேன், சார். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கான செய்முறைத் தேர்வான செக்ரைடுக்கு ஆறு வாரம் காத்திருந்துதான் தேதி கிடைத்தது. அன்று காலை மேகத்தின் அடிமட்டம் 2,500 அடி. காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வீசியது. நடுநடுவே 22 நாட் வரை எகிறியது. “சட்டப்படி பறக்கலாமே” என்றார்கள் கூடப் படிப்பவர்கள். நான் எக்ஸாமினருக்குப் போன் போட்டு, இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் வேறு. எக்ஸாமினரும் அப்படித்தான் நினைத்திருப்பாரோ?
— வாசகர், ஃப்ளோரிடா

பதில்: நினைத்திருக்க மாட்டார், தம்பி. அந்தப் போனைப் போட்டபோதே நீங்கள் தேர்வின் ஒரு பகுதியை எழுதிவிட்டீர்கள் என்பேன். வானிலையைப் படித்து, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் திறன் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வகுத்த தேர்வுத் தரத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. செக்ரைடில் எக்ஸாமினர் பக்கத்து சீட்டில் இருந்தாலும், அந்த விமானத்துக்குப் பொறுப்பு அவரில்லை. அவராகத் தனியே ஒப்புக்கொண்டால் தவிர, பைலட் இன் கமாண்ட் தேர்வு எழுதுபவர்தான். லைசென்ஸே வாங்காதவன் எப்படிக் கேப்டன் ஆவான் என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ‘எக்ஸாமினர் வந்துவிட்டாரே, அவரே சொல்லட்டும்’ என்று காத்திருப்பவர், தன் வேலையை அவர் தலையில் கட்டுகிறார். அதைத்தான் அவர் குறித்துக்கொள்வார்.

இனி உங்கள் நண்பர்களின் ‘சட்டப்படி’. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்தில், கண்ணால் பார்த்துப் பறப்பதற்குப் பொதுவாக மேகம் 1,000 அடிக்கு மேலும் பார்வைத் தூரம் 3 மைலும் இருந்தால் போதும். சரி, கிளம்பிவிட்டீர்கள். பிறகு? மேகத்துக்கு 500 அடி கீழேதான் இருக்க வேண்டும். எனவே உங்கள் கூரை 2,000 அடி. ஸ்டால் பயிற்சியில், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையை வரவழைத்து மீளும்போது, தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. நடுவே மிஞ்சுவது 500 அடி. பழகிய கைக்கு அது போதலாம். தேர்வு நாளில் வியர்த்த கைக்குப் போதாது.

காற்றையும் பாருங்கள். 45 பாகை சாய்ந்து வட்டமடிக்கும்போது உயரம் 100 அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. குறுகிய ஓடுபாதைத் தரையிறக்கத்தில், நீங்களே சொன்ன புள்ளிக்கு முன்னால் சக்கரம் படக் கூடாது. தாண்டினாலும் 200 அடிக்குள் பட வேண்டும். விட்டுவிட்டு 22 நாட் அடிக்கும் குறுக்குக் காற்றில் இதையெல்லாம் செய்து காட்டுவதா? செஸ்னா 172-இன் கையேட்டில், செய்து காட்டப்பட்ட குறுக்குக் காற்று என்று 15 நாட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். அது தடை வரம்பு இல்லைதான். ஆனால் அதை மீறிப் பழக, தேர்வு நாளா கிடைத்தது? பறக்க அனுமதிக்கிற வானமும் தேர்வு எழுத இடம் தருகிற வானமும் வேறு வேறு.

டிக்கெட் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1999 ஜூலை 16. ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான், மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் தன் சிறு விமானத்தில் இரவில் கிளம்பினார். போனது உறவினர் ஒருவரின் கல்யாணத்துக்கு. அன்றும் பதிவான வானிலை கண்ணால் பார்த்துப் பறப்பதற்குச் சட்டப்படி சரியாகவே இருந்தது. கடலுக்கு மேல் மங்கல், இருட்டு, தொடுவானம் தெரியவில்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியை அவர் பெற்றிருக்கவில்லை. மார்தாஸ் வின்யார்ட் தீவுக்கருகே விமானம் கடலில் விழுந்தது, மூவரும் இறந்தார்கள். உங்களுடையது பகல், பக்கத்தில் எக்ஸாமினர், ஆபத்து அந்த அளவு இல்லை. ஆனால் கல்யாணத் தேதி மனத்தை எப்படிப் பிடித்துத் தள்ளும் என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு வேலை பாக்கி. செக்ரைடுக்கான மூன்று மணி நேரத் தயாரிப்புப் பயிற்சி, தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் அடங்க வேண்டும். தேதி தள்ளிப்போனதில் அது பழசாகிவிட்டதா என்று இன்ஸ்ட்ரக்டருடன் உட்கார்ந்து லாக்புக்கைப் புரட்டுங்கள். எழுத்துத் தேர்வு முடிவு 24 காலண்டர் மாதம் செல்லும். அதில் அவசரம் இருக்காது. அடுத்த தேதி கோடையில் விழுந்தால் காலை எட்டு மணியைக் கேளுங்கள். அட்லாண்டிக் பக்கமிருந்தும் வளைகுடா பக்கமிருந்தும் வரும் கடற்காற்று நடுவில் மோதி, மதியத்துக்குமேல் இடிமேகம் கட்டிவிடும். ஃப்ளோரிடாவின் கோடை அது.

கேள்வி: பறக்க முடியாத நாளில், “வாய்மொழித் தேர்வை மட்டும் முடித்துவிடலாம், இன்னொரு நாள் பறக்கலாம்” என்கிறார் எக்ஸாமினர். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகர், டெக்சாஸ்

பதில்: முதலில் அவருடைய காலண்டரைக் கேளுங்கள். வாய்மொழியை முடித்துப் பறப்பதை நிறுத்தினால், தேர்வு இடைநிறுத்தம் என்று ஒரு கடிதம் தருவார். அன்றிலிருந்து 60 நாள். அதற்குள் மீதியை முடித்தால், முடித்த பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டாம். 61-ஆம் நாள் ஆனால் எல்லாம் முதலிலிருந்து. அடுத்த வாரமே தேதி உண்டென்றால் தாராளமாக உட்காருங்கள், பாதி பாரம் இறங்கும். ஏழு வாரம் கழித்துத்தான் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஏழாவது வாரத்திலும் மழை வராது என்று யார் உத்தரவாதம் தருவது? இரண்டாவது வருகைக்குத் தனிக் கட்டணமா என்பதையும் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். எக்ஸாமினர்கள் பெரும்பாலும் எஃப்.ஏ.ஏ. சம்பளக்காரர்கள் இல்லை, அங்கீகாரம் பெற்றுத் தனியாகக் கட்டணம் வாங்குபவர்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் பைலட்டுக்குப் படிக்கிறான். வானிலை சரியில்லை, தேர்வு தள்ளிப்போய்விட்டது என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறான். ஃபெயிலானதை மறைக்கிறானோ?
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: மூன்று தடவை என்பது அந்த ஊர்களில் அதிசயமே இல்லை, அம்மா. தேர்வில் தவறினால் தருவது இடைநிறுத்தக் கடிதம் இல்லை, வேறு தாள். பழைய வழக்கப்படி அதைப் பிங்க் ஸ்லிப் என்பார்கள். வானிலையால் நின்றுபோன தேர்வு தோல்விக் கணக்கில் சேராது. பிள்ளையை நம்புங்கள். தேர்வு முடிகிறவரை, ஊருக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.