தட்டுமுட்டுப் பொருள்களும் கொடையறமும் – ஒரு நோக்கு

கொடுத்தலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பலவாயினும், தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்றனையே தனித்தெடுத்து இலக்கணம் வகுத்துள்ளார். சொல்லதிகார எச்சவியலில் இவற்றை இரத்தற்குரிய சொற்கள் எனக் காட்டி, இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பர் எனப் பகுத்துரைக்கின்றார். வகுப்பில் இப்பகுதியை நடத்துங்கால், கேட்போரின் ஏற்றத்தாழ்வையே மாணவர்க்கு வற்புறுத்திச் செல்வது வழக்கம். யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே நடத்தினோம். ஆயின், இம்மூன்றும் வாங்குவோர் வாயிற் பிறக்கும் சொற்கள். கொடுப்போர் கூற்றாக ஒன்றேனும் அவ்விடத்து இல்லை. இதனை எமக்கு உணர்த்தியது உரைநூல் அன்று. எம் வகுப்பறைப் பழைய பெஞ்சுகளே.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பறைகளுக்குப் புதிய இருக்கைகள் வந்தன. மேசையோடு இணைந்த பழைய மரப் பெஞ்சுகள் 24-ஐ வண்டியில் ஏற்றி, ஊர்ப்புறத்தே உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்கு அனுப்பினோம். நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். ஓராண்டு கழிந்து மாணவரோடு அங்குச் சென்றபோது, அவை தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தன. மேசைக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள குறுகிய இடத்தில் கால் மடக்கி நுழைய முதியோரால் இயலவில்லை. மரப் பொருத்துகளில் மூட்டைப்பூச்சியும் குடியிருந்தது. “கொடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு வெச்சிருக்கறமுங்க” என்றார் நிர்வாகி. வேண்டுவது யாது என வற்புறுத்திக் கேட்ட பின்னரே, கை வைத்த நாற்காலிகள் என்றார். முழங்கால் தளர்ந்தோர் இரு கைகளையும் ஊன்றி எழுதற்கு அவையே துணையாவன. இதனை முதல்நாளே கேட்டிருக்கலாம். எம்முள் ஒருவர்க்கும் தோன்றவில்லை.

மாணவச் செல்வங்கள் இதனைச் சிறு பிழையெனத் தள்ளிவிடலாகாது. திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 267-ஆம் வசனம், தாமே வாங்குதற்குக் கண்மூடித் தயங்கும் தாழ்ந்த பொருளைத் தேடியெடுத்து அறத்திற்கு வழங்கலாகாது எனத் தடுக்கின்றது. இதன் பின்னணியாக நபிமொழித் தொகுப்புகள் கூறும் நிகழ்ச்சி கருதத்தக்கது. மதீனாவில் தோட்டம் உடையோர், வறியவர் உண்ணுமாறு பேரீச்சங் குலைகளைக் கொணர்ந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவர். சிலர் முறிந்தும் வதங்கியும் போன குலைகளைத் தொங்கவிட்டனர். தோட்டம் தூய்மையாயிற்று; ஏழையின் பசியோ நின்றது. எம் பெஞ்சுகளும் அக்குலைகளின் இனமே. நற்பணி என்னும் பெயரால் யாம் செய்தது இடத்தைக் காலிசெய்ததே ஆகும்.

இதற்கு மறுதலையாக, நூற்றேழாம் அத்தியாயம் ‘மாஊன்’ என்னும் பெயர் பெற்றுள்ளது. பானை, வாளி, கோடரி போன்று அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கேட்டு வாங்கும் புழங்குபொருள்களையே இச்சொல் சுட்டுவதாக விரிவுரையாளர் பலர் விளக்குவர். அவற்றைக் கொடாது மறுத்தலை அவ்வத்தியாயம் கண்டிக்கின்றது. கேட்பவர் முதலில் வருகின்றார். கொடை பின்னர் வருகின்றது. தொல்காப்பியர் காட்டும் முறையும் அதுவே அன்றோ?

ஹனஃபி மத்ஹபின் சட்டநூல்களிலும் இதற்கொரு செய்தி உண்டு. வக்ஃபு என்பது நிலம், கட்டடம் முதலிய அசையாப் பொருள்களுக்கே உரியது எனக் கருதிய அறிஞர் உளர். இமாம் முஹம்மது அவர்களோ கோடரி, இரம்பம், சமையற்கலம், சந்தூக்கு போன்ற அசையும் பொருள்களையும், ஊர் வழக்கம் இருப்பின் வக்ஃபு செய்யலாம் என்றார். இந்திய நாட்டின் 1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமும் அசையும் பொருள்களை ஏற்றது. நம் ஜமாஅத்துகளின் பண்டக அறையில் அடுக்கியுள்ள தேக்சாக்களும் நாற்காலிகளும் இவ்வழக்கின் எச்சமே. நிக்காஹ் வீட்டார் கேட்டு வாங்கிச் சென்று திருப்பித் தருகின்றனர். வாங்கியோர்க்கு அதனால் தலைகுனிவு இல்லை. வள்ளுவர் ஈகையினின்றும் ஒப்புரவினைப் பிரித்து, அதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஊர்மக்கள் உண்ணும் நீர்நிலையை உவமை காட்டியது இத்தகைய பொதுப் புழக்கத்தை நோக்கியே போலும்.

ஆடைகளை விடுவதற்கு இன்று வழிகள் உண்டு. 2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் தோன்றிய அன்புச் சுவர், 2017-இல் திருநெல்வேலியிலும் எழுந்தது. வேண்டாதோர் வைத்துச் செல்வர். வேண்டுவோர் எடுத்துச் செல்வர். கட்டிலையும் அலமாரியையும் அவ்வாறு சுவரில் மாட்டிச் செல்ல இயலாது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, பழுதுபார்க்கும் தச்சர் கூலி ஆகியவை வாங்குவோர் தலையில் விழுந்தால் கொடை கடனாகிவிடும். மரமும் ஆராயத்தக்கது. செல்லரித்த தேக்கினைத் தச்சர் ஒருவாறு மீட்பார். மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை நீர்பட்டு உப்பினால் அதற்கு மீட்சியில்லை.

இவ்வாராய்ச்சி திருப்பூர் மக்களுக்குப் புதியதன்று. பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையைக் கடவாது எந்த உருப்படியும் பெட்டிக்குள் செல்வதில்லை. ஒரு துளை இருப்பினும் அது செகண்ட்ஸ். காதர்பேட்டையில் அதற்கு வேறு விலை. விற்பனைக்கு இத்துணைக் கண்டிப்புடைய நாம், அறத்திற்கு மட்டும் செக்கிங் வேண்டா என்று கருதுவது வியப்பே.

வெளிமாநிலத் தொழிலாளர் சிலரிடமும் வினவினோம். சிறிய அறையில் பலர் தங்கியிருத்தலின் கட்டில் இடத்தை அடைக்கும் என்றனர். பூட்டு உள்ள பெட்டி கிடைத்தால் நலம் என்றார் ஓர் இளைஞர். யாமோ அவர்களுக்குக் கட்டில் திரட்டும் எண்ணத்துடன் சென்றிருந்தோம்.

முதியோர் இல்லத்துப் பெஞ்சுகளை எம் செலவிலேயே திரும்பக் கொணர்ந்தோம். வெந்நீரூற்றி வெயிலில் காயவைத்து, தச்சரைக் கொண்டு மேசைப் பகுதியைத் தனியே அறுத்துக் குட்டைக் கால்கள் பொருத்தினோம். தரையில் அமர்ந்து ஓதும் மாலை மதரசாச் சிறார்க்கு அவை எழுதுபலகைகளாயின. அவற்றைக் கேட்டவர் அங்குள்ள உஸ்தாத் அவர்களே. எட்டுப் பெஞ்சுகள் எதற்கும் உதவாமல் விறகாயின.

இப்போது துறை அறையில் ஒரு குறிப்பேடு உள்ளது. முதற்பத்தியில் கேட்டவர், அடுத்து கேட்ட பொருள், இறுதியில் தருபவர் என எழுதுகின்றோம். அதன் முதல் வரி முதியோர் இல்லத்தினது: கை வைத்த நாற்காலி 6. இதுவரை நான்கு சென்றுள்ளன. எஞ்சிய இரண்டிற்கு நேராக மூன்றாம் பத்தி இன்னும் வெற்றிடமாக உள்ளது.